டீச்சர் நீட்டிய இடது கை

எங்கள் பக்கம் இடது கையைப் பீச்சாங்கை என்றுதான் சொல்வோம். அந்தக் கையால் எதையும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது. மறந்து நீட்டினால் முதுகில் ஒன்று விழும். அந்தக் கையை மரியாதைக்கென்றே நீட்டுகிற கூட்டமும் உலகத்தில் உண்டு என்று ஆறாம் வகுப்பில் தெரிந்துகொண்டேன். என் படிப்பும் அந்த வகுப்போடு நின்றது. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், ஆனாலும் நானே எழுதுகிறேன்.

அந்தக் கூட்டத்துக்குச் சாரணியர் படை என்று பேர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் டீச்சர் விசில் ஊதுவார். நாங்கள் ஓடிப்போய் அணி அணியாக நிற்போம். அணிகளுக்கெல்லாம் பூக்களின் பேர். நான் செவ்வந்தி அணி. கயிற்றில் விதவிதமாக முடிச்சுப் போடவும், அடிபட்டவரை இரண்டு கம்பும் ஒரு போர்வையும் வைத்துத் தூக்கவும், ஒரே இழுப்பில் பூவைக் கொட்டிக்கொண்டு விரியும்படி கொடியை மடித்துக் கட்டவும் டீச்சர் கற்றுக்கொடுத்தார்.

கதையும் சொல்வார். முதலில் இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இருந்ததாம். சீமையில் அவர்கள் கூடியிருந்த இடத்துக்குச் சில பெண்பிள்ளைகள் கூப்பிடாமலே போய் நின்று, எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்களாம். அப்படி வந்ததுதான் இது. நம் நாட்டுக்கு வந்த புதிதிலும் வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளைகளைத்தான் சேர்த்தார்களாம். நம் பிள்ளைகளைச் சேர்த்தது பிறகுதான். இதைச் சொல்லும்போது டீச்சர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார்.

நாங்கள் கூலி வேலைக்குப் போகிற தெரு. கடைக்குப் போனால் சாமானை எங்கள் கையில் படாமல் மேலேயிருந்து போடுவார்கள். டீச்சர் அப்படியில்லை. முதல் நாளே இடது கையை நீட்டி என் இடது கையை முழுதாகப் பிடித்துக் குலுக்கினார். சாக்பீஸ் தூள் ஒட்டிய, சொரசொரப்பான கை.

"வலது கையில வேலு, இடது கையில கேடயம். ஒருத்தன் கேடயத்தக் கீழ வச்சுட்டு அந்தக் கைய நீட்டுனா என்ன அர்த்தம்? ஒன்னய நம்புறேன்னு அர்த்தம்" என்றார்.

அவர் பிடித்ததால் மற்ற பிள்ளைகளும் பிடித்தார்கள். வாரம் முழுவதும் வெள்ளிக்கிழமைக்காகக் காத்துக் கிடப்பேன்.

உறுதிமொழி எடுத்தால்தான் சாரணி. அதுவரைக்கும் பழகுகிறவள், அவ்வளவுதான். அதனால் மூன்று விரலை உயர்த்திச் சொல்ல வேண்டிய வாசகத்தை மாட்டுக்குப் புல்லறுக்கும்போதுகூடச் சொல்லிப் பார்ப்பேன். அந்த நாள் நெருங்கிவந்த சமயத்தில் நான் பெரியமனுஷி ஆகிவிட்டேன். தாய்மாமன் தென்னங்கீற்றில் குச்சு கட்டினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்குள் உட்கார்ந்து விசில் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் தூரம், வரவில்லை. நான் இல்லாமலே மற்றவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சடங்கு செய்த அன்று கழுத்தில் மாலை போட்டு மணையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். தெருமுனையில் சலசலப்பு. பார்த்தால் டீச்சர். பின்னால் எங்கள் செவ்வந்தி அணி, நீல உடுப்போடு. அந்தப் பிள்ளைகள் எங்கள் தெருவுக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். டீச்சர் மடித்த ஸ்கார்ப் ஒன்றைத் தாம்பாளத்தில் வைத்தார்.

"உறுதிமொழி அன்னைக்கு ஒன்னால வர முடியல. அதான் நாங்க வந்துட்டோம்" என்று சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினார்.

அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏம்மா டீச்சரு, எங்க தெருன்னா அம்புட்டு எளக்காரமா? நல்ல நாளும் அதுவுமா எம்மகளுக்குப் பீச்சாங்கைய நீட்டுற?"

"இல்லம்மா, எங்க படையில இதுதான் மரியாதை."

"ஆமா, கலெக்டரு வந்தாலும் பீச்சாங்கையத்தேன் குடுப்பீகளாக்கும்!" என்றாள் பெரியம்மா. கூட்டம் சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. "சோத்தாங்கையக் குடுத்தா என்ன, ஒட்டிக்குமா?"

டீச்சர் கையை மடக்கவில்லை. நீட்டியபடியே என்னைப் பார்த்தார். என் கை மடியிலிருந்து எழுந்தது. அம்மா மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். மணையில் இருக்கும் பெண் வாயைத் திறக்கக் கூடாது, தலை நிமிரக் கூடாது. கேடயக் கதையைச் சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. ஆனால் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் டீச்சரின் செருப்புக் கால்கள் திரும்பிப் போயின. ஸ்கார்ப்பை அம்மா பின்னாலேயே கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடமே கிடையாது என்றாகிவிட்டது.

அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலேயிருந்து போட்டதை ஏந்தி ஏந்திக் காய்த்த கை அவளுடையது. மகளுக்கும் அந்தக் கதி வேண்டாம் என்றுதான் எழுந்து நின்றாள். ஊரே எதிர்த்துப் பேசப் பயப்படுகிற டீச்சரிடம் எங்கள் தெருவில் நிமிர்ந்து பேசியவள் அவள் ஒருத்திதான். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கையைப் பிடிக்காமல் போனேனே என்ற ஏக்கம் அந்தப் பெருமையால் தீரவில்லை.

கல்யாணம், நடவு, களையெடுப்பு, பிள்ளைகள் என்று காலம் போனது. இப்போது ஒத்தக்கடையில் மகன் வீட்டில் இருக்கிறேன். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். ஒருநாள் சாயங்காலம் விசில் சத்தம் கேட்டது. செருப்பைக்கூடத் தேடாமல் பள்ளிக்கூட கேட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே நீல உடுப்பும் ஸ்கார்ப்புமாகப் பிள்ளைகள் ஓடி வரிசை கட்டினார்கள். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரம் அவர்களுடைய டீச்சர், என் பேத்தி வயதுதான் இருக்கும், கேட்டருகே வந்தார்.

"யாரக் கூப்பிட வந்தீங்கம்மா?"

"யாரையும் இல்ல. நான் செவ்வந்தி அணி."

அவர் முகம் மலர்ந்தது. "உறுதிமொழி எடுத்தீங்களா?"

"எடுக்க முடியாமப் போச்சு."

"வர்ற வெள்ளிக்கிழம புதுப் பிள்ளைகளுக்கு எடுக்குறோம். வாங்கம்மா. அதுக்கு வயசு கிடையாது."

வீட்டில் சொன்னேன். மகன் சிரித்தான். "ஏத்தா, இனிமே கூடாரமடிச்சுக் காட்டுல படுக்கப் போறியாக்கும்?"

"படுப்பேன்டா. ஒனக்குத்தேன் ஏசி இல்லாட்டி கண்ணு மூடாது."

மருமகள் பீரோவைத் திறந்தாள். "அவரு கெடக்காரு, விடுங்கத்த. இந்த நீலச் சீல சரியா இருக்கும், தேச்சு வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை வரிசையின் கடைசியில் நின்றேன். என் முறை வந்ததும் மூன்று விரலை உயர்த்திச் சொன்னேன். அந்தப் பெண் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தார், அவசியமே வரவில்லை. ஒரு சொல்லும் தவறவில்லை. சேலையில் பேட்ஜைக் குத்திவிட்டு இடது கையை நீட்டினார். நான் வலது கையை நீட்டினேன்.

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். ஒருத்தி, "பாட்டி, பீச்சாங்கை, பீச்சாங்கை!" என்று கிசுகிசுத்தாள்.

என் இடது கை முந்தானையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது. அதற்குப் பழக்கம் அப்படி. அந்தப் பெண் அவசரப்படாமல் நீட்டியபடியே இருந்தார். முந்தானையை விட்டேன். பிடித்தேன். மெத்தென்ற கை. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இப்ப நீங்க சாரணிம்மா. சந்தோஷந்தானே?"

"சந்தோஷந்தாம்மா. இன்னும் ஒரு கை பாக்கி இருக்கு."

பிள்ளைகளின் கையைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். எல்லோரையும் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக வந்து இடது கையை நீட்டினார்கள். சின்னச் சின்னக் கைகள், வியர்த்த கைகள், மருதாணி வைத்த கைகள். ஒன்று விடாமல் பிடித்துக் குலுக்கினேன். சாக்பீஸ் தூள் ஒட்டிய கை மட்டும் அதில் இல்லை. கடைசிப் பிள்ளையும் போன பிறகு கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றேன்.