ஸ்பீக்கரிடம் என் மகள் கேட்டது

கேள்வி கேட்டால் பதில் சொல்லும் அந்த ஸ்பீக்கரை வாங்கி வைத்தது நான்தான். கணக்கும் இங்கிலீஷும் கேட்டுக் கேட்டே படிக்கட்டும் என்ற நப்பாசை. எட்டு வயது மகளும் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தாள். வாய்ப்பாடு கேட்பாள், திமிங்கலம் எவ்வளவு நேரம் மூச்சடக்கும் என்று கேட்பாள். திடீரென்று ஒரு வாரம் முழுக்கச் சிங்கப்பூர்! எங்கள் ஊர் பினாங்கிலிருந்து பஸ் எத்தனை மணி நேரம் ஓடும், அங்கே வேலை செய்பவர்களுக்கு எப்போது லீவு கொடுப்பார்கள் என்று துருவித் துருவிக் கேட்டாள்.

என் கணவருக்குச் சிங்கப்பூரில் ஒரு பேக்டரியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் கிளம்புகிறார். அப்பா பக்கத்தில் இல்லாவிட்டால் ஒரு வாய் சோறு இறங்காத பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? இரண்டு மாதமாக நாங்கள் இழுத்தடித்துக்கொண்டிருந்தோம். அவள் இருக்கும்போது அந்தப் பேச்சை ஹொக்கியன் சீனத்தில்தான் பேசுவோம். ஜார்ஜ்டவுனில் சீனப் பிள்ளைகளோடு வளர்ந்த எங்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவளுக்கோ ஒரு வார்த்தை தெரியாது. பிறகு எப்படி?

"ஸ்கூல்ல எதாச்சும் ப்ராஜெக்டா?" என்று கேட்டேன்.

"சும்மாதான்மா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வகுப்பாசிரியைக்கு மெசேஜ் அனுப்பினேன். அப்படி எதுவும் கொடுக்கவில்லையாம். கணவரிடம் எரிந்து விழுந்தேன்.

"நீங்கதான் எங்கயோ உளறிட்டீங்க!"

"ஐயோ, சத்தியமா இல்லலா!"

யார்மேல் கோபப்படுவது என்றே புரியவில்லை. ஸ்பீக்கரைப் பிடுங்கிக் குப்பையில் போடலாமா என்றுகூடத் தோன்றியது. அது என்ன பாவம் செய்தது?

சனிக்கிழமை சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மகள் வந்து டிவியை அணைத்தாள்.

"அம்மா, கைய கழுவிட்டு வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி நாடகம் இது?"

"கஷ்டமான விஷயத்த எப்படிச் சொல்றதுன்னு ஸ்பீக்கர்கிட்ட கேட்டேன். உக்கார வச்சு, கையப் புடிச்சுக்கிட்டு, சுத்தி வளைக்காம சொல்லணுமாம்." ஒருமுறை மூச்சை இழுத்து விட்டாள். "அப்பா சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறாரும்மா. பாகான் டாலாம் ஊருக்குப் போறப்ப கார்ல, போன்ல யார்கிட்டயோ பேசுனாரு. நான் தூங்குறேன்னு நெனச்சிட்டாரு. வீட்ல யாருமே இதப் பேசல. பாவம், உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?"

தெரியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. இரண்டு மாதமாக அவர் முன்னால்கூட அழாத நான் அப்படி அழுதேன்.

"அழணும்னா அழுங்கம்மா. அவசரமில்ல," என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். இதுவும் ஸ்பீக்கர் சொல்லிக்கொடுத்ததா, அவளாகச் சொன்னதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

குளித்துவிட்டு வந்த கணவர் எங்களைப் பார்த்து, தலை துவட்டிய துண்டோடு அப்படியே நின்றுவிட்டார். அவள் எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அம்மாகிட்ட நானே சொல்லிட்டேம்பா. இனிமே நீங்க பயப்பட வேணாம்."