நீலச் சட்டைக்குக் கைதட்டிய பஸ்

என் மகள் இந்திய இளையோர் ஃபுட்சால் அணியின் கோல்கீப்பர். பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்து அது. ஆசியத் தகுதிச்சுற்றில் அவள் வெளிநாட்டில் ஆடிக்கொண்டிருந்தபோது, நான் பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணி போகும் பஸ்ஸில் இருந்தேன். என் செல்போனைப் பார்க்கக் கண்டக்டர் உட்பட எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"நம்மளுது எதுங்க?"

"நீலச் சட்டை," என்றேன். எப்போதும் அதுதானே!

சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் முகங்கள் தெரியவில்லை. நீலம் கோல் போட்டது. பஸ்ஸே கைதட்டியது. கண்டக்டர் குஷியில் விசில் ஊத, டிரைவர் ஸ்டாப் என்று நினைத்து வண்டியை நிறுத்திவிட்டார். நின்ற இடத்தில் படம் தெளிந்தது. கோல் வாங்கிவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்திருந்தவள் என் மகள். அன்று நம் அணிக்கு ஆரஞ்சுச் சட்டை.

"இன்னாங்க, பெத்த பொண்ணு கோல் வாங்குனதுக்கா எங்கள கை தட்ட வெச்சீங்க?" என்றார் கண்டக்டர்.

ஆட்டம் தோல்வியில் முடிந்தது. திருத்தணியில் இறங்கும்போது அவளே போன் செய்தாள்.

"பாத்தியா நைனா?" குரல் கம்மியிருந்தது. படியருகே நின்ற கண்டக்டரிடம் போனை நீட்டினேன். அவர் வாங்கிப் பேசினார்.

"பஸ்ஸு மொத்தமும் பாத்துகினு வந்தோம்மா. நாங்க கை தட்னது அங்கியே கேட்டிருக்குமே!"

அவள் சிரித்துவிட்டாள். பெற்றவனுக்கு வராத ஆறுதல், முன்பின் தெரியாத மனிதருக்கு எவ்வளவு சுலபமாக வந்தது!

யாருக்குக் கைதட்டினோம் என்பதை மட்டும் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.