இரண்டும் இடக்கை

கத்திரி வைத்தால் பிசகாது என்று பெயரெடுத்த கட்டிங் மாஸ்டர் அவர். அந்தத் தையல்கடையில் அவர் வெட்டிய துணியை இன்னொருவர் சரிபார்ப்பதே மரியாதைக் குறைவு. அப்பேர்ப்பட்ட மனிதர், பேச்சு சுவாரசியத்தில் துணியை மடித்துப் போட மறந்து, ஒரு கல்யாணக் கோட்டின் இரண்டு கைகளையும் இடக்கையாகவே வெட்டிவைத்தார். வேறு துணியும் இல்லை. முதலாளி கத்தியதும் வாய் முந்திக்கொண்டது.

"நான் சரியாத்தான் குடுத்தேன். தைக்கிற அக்காதான் ஒரு கையைக் கெடுத்துட்டு, மிச்சத் துணியில தானா வெட்டியிருக்காங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு மறுத்தாள். யார் கேட்டார்கள்? அன்றே வேலை போயிற்று.

மாஸ்டருக்குத் தூக்கம் போயிற்று. டீயை விட்டார். மத்தியானச் சாப்பாட்டை விட்டார். மெத்தையை விட்டுத் தரையில் கிடந்து புரண்டார். விட வேண்டிய வீராப்பை மட்டும் விடவில்லை. அக்கா வீட்டுத் தெருமுனை வரை போவார், செருப்பு அறுந்தவர் மாதிரி நின்றுவிட்டுத் திரும்புவார்.

"ஏங்க, நீங்க தரையில உருண்டா அந்தப் பொம்பளைக்கு வேலை கெடச்சிடுமா?" என்றாள் மனைவி. "இடுப்புதான் பிடிக்கும். அப்புறம் தைலம் தேய்க்கிறது யாரு, நான்தான்!"

சுருக்கென்றது. மறுநாள் தெருமுனையைத் தாண்டிவிட்டார். அக்கா வாசலில் உட்கார்ந்து யாருடைய பழைய கால்சட்டைக்கோ ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். தான் பட்டினி கிடப்பதையெல்லாம் சொல்லிக் கண்கலங்கினார்.

அவள் கை நிற்கவில்லை. "அட, நீங்க பட்டினி கெடக்கணும்னு நான் கேட்டேனா மாஸ்டர்? பழி போட்டது எல்லார் முன்னாடியும். அழறது மட்டும் இங்க வந்து ரகசியமாவா? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

போனார். ஓடிக்கொண்டிருந்த மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, "அந்தக் கோட்டைக் கெடுத்தது நான். அவங்க மேல பழியைப் போட்டதும் நான்தான்" என்றார். முதலாளி வாய்க்கு வந்தபடி திட்டினார். வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் அக்கா தன் மிஷினுக்குத் திரும்பினாள். மாஸ்டரும் சாப்பிட்டார், மெத்தையில் படுத்தார். அப்பாடா என்று உட்கார முடிந்ததா என்றால், அதுதான் இல்லை. அவர் வெட்டிக் கொடுக்கும் ஒவ்வொன்றிலும் அக்கா இரண்டு கைகளையும் எடுத்து, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி, வலது எது, இடது எது என்று எல்லோரும் பார்க்கச் சரிபார்த்த பிறகுதான் தைக்க உட்காருவாள். மாஸ்டருக்குக் காது மடல் எரியும். கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, அவள் பார்த்து முடிக்கும் வரை எதிரிலேயே நிற்பார்.