பேச்சு வைத்தியம் பலிக்குமா என்று கேட்டுத் திரிந்த நாட்கள்

கேள்வி கேட்பதுதான் என் தொழில். ஆறுதல் சொல்வது அதில் சேர்த்தி இல்லை.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, வாரம் ஒருமுறை உட்கார வைத்து முறையாகப் பேசும் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் குணம் தெரியுமா? இதைக் கண்டுபிடிக்கத் திருவண்ணாமலையில் ஓர் ஆய்வு நடந்தது. சம்மதித்த நோயாளிகளைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு மாத்திரையும் பேச்சும். மீதிப் பேருக்கு மாத்திரை மட்டும். நான் சில மாதங்களுக்கு ஒருமுறை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய், எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு மார்க் போட வேண்டும். யாருக்குப் பேச்சு கிடைத்தது என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என்னையறியாமல் அவர்களுக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டுவிடுவேனாம். வெயிலில் கதவு தட்டிக் கணக்கெடுக்கும் டீச்சர்களே, சர்வே எடுத்துப் பிழைக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்குத்தான் இந்தப் பாடு புரியும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

சொல்லிடாதீங்க

எந்த வீட்டுக்குப் போனாலும் வணக்கத்துக்கு அடுத்தபடி நான் சொல்வது, "உங்களுக்குப் பேச்சு சிகிச்சை கெடைச்சுதா இல்லையான்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க" என்பதுதான். வந்ததும் வராததுமாக வாயை மூடச் சொல்கிறாளே என்று பார்ப்பார்கள்.

சரோஜா அக்கா வீடு வேங்கிக்காலைத் தாண்டி, புது மனை போட்ட பக்கம். அவர் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்தவர். யாரோ தன்னை வேவு பார்க்கிறார்கள் என்ற பயத்தில் வேலையை விட்டு, எல்லா ஜன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வெளி வெயிலிலிருந்து உள்ளே போனால் கண் பழகவே நேரமாகும். இருட்டில் அவர் கால்கள் மட்டும்தான் முதலில் தெரியும். அன்றைக்கு நான் என் வழக்கமான எச்சரிக்கையைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். விதிப்படி அதை ஆபீசில் சொல்லியாக வேண்டும். சொன்னேன். அந்த வீட்டை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணன் ஜன்னலைத் திறந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா சொன்னது இவ்வளவுதான்: "எங்களுக்குப் பேசற டாக்டரு விழலம்மா. ரேஷன்ல பருப்பு தீந்துட்டா அடுத்த மாசம் வாங்கிக்கன்றாங்க. இது எப்ப வரும்?"

கம்மியா, ஜாஸ்தியா

அஞ்சலை, செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுசில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். மனச்சோர்வுக்கு மாத்திரை. வேலையை விட்டு வர முடியாது என்பதால் மொட்டை மாடியில், காயும் பெட்ஷீட்டுகளுக்கு நடுவே நின்றபடியே கேள்விகளைக் கேட்டேன். "முன்பு விரும்பிச் செய்த விஷயங்களில் இப்போதும் ஈடுபாடு இருக்கிறதா? அதே அளவா, கொஞ்சம் கம்மியா, சுத்தமாக இல்லையா?" சென்னையிலிருந்து வந்த கேள்வி. ஒரு வார்த்தையும் மாற்றக் கூடாது.

அஞ்சலை, கூட வேலை செய்யும் மல்லிகாவைக் கூப்பிட்டு, "ஏய், எனக்கு இன்னாடி புடிக்கும்?" என்று கேட்டார். "உனக்கா? டீ புடிக்கும்." "அது தலவலிக்குக் குடிக்கிறதுடி." இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அஞ்சலை மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, பெட்ஷீட்டின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "எனக்கு இன்னா புடிக்கும்னு மொதல்ல யாராச்சும் கண்டுபுடிச்சு சொல்லுங்க. அப்புறம் அது கம்மியா ஜாஸ்தியான்னு நான் சொல்றேன்."

பரவாயில்லை

கோவிந்தராஜ் ஐயாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மனைவி போன பிறகு மனது சரியில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். அவர் ஊருக்கு டவுன் பஸ்ஸில் போய், இறங்கி வெயிலில் நடக்க வேண்டும். போனதும் மோர் கொடுப்பார். நான் குடித்து முடித்த பிறகுதான் கேள்வியே கேட்க விடுவார்.

"தூக்கம் எப்படிங்க ஐயா?" "பரவால்ல." "சாப்பாடு?" "பரவால்ல." "உயிரோட இருந்து என்னன்னு தோணுதுங்களா?" "சேச்சே." ஒவ்வொரு முறையும் மார்க் ஏறிக்கொண்டே போனது. நல்லபடியாகத் தேறிவருகிறார் என்று ஆபீசில் சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டேன்.

ஒரு நாள் வேறு வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது வார்டில் அவர் படுத்திருந்தார். பயிருக்கு வைத்திருந்த மருந்தைக் குடித்துவிட்டாராம். மகன் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்ததால் பிழைத்தார். எந்த விதியும் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா?" என்றேன். மருந்து பட்டு அவர் தொண்டை புண்ணாகியிருந்தது. விட்டுவிட்டுத்தான் பேசினார். "நீ அவ்ளோ தூரம் வெயில்ல நடந்து வர்றம்மா. வந்த புள்ளைகிட்ட எப்படிக் கெட்ட சேதி சொல்லி அனுப்பறது?"

அதே மார்க்

தினேஷுக்குக் காதில் குரல்கள் கேட்கும். காலேஜைப் பாதியில் விட்டு, வீட்டில் போர்வைக்குள் கிடந்த பையன். முதல்முறை நான் போனபோது அவன் அம்மாதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசி முறை அவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"குரல் கேக்குதா?" "கேக்குது மேடம்." "தினமும்?" "தினமும்தான்." "திட்டுதா?" "நல்லாத் திட்டுது." மூன்று பதிலுக்கும் பழைய மார்க்கேதான். வேலைக்குப் போனதற்கு வேறொரு பக்கத்தில் கொஞ்சம் ஏறியது. ஆனால் அவன் விஷயத்தில் ஆய்வு முக்கியமாகப் பார்த்தது குரலைத்தான். அந்தக் கணக்கில் தினேஷ் துளியும் தேறவில்லை. "குரல் இன்னும் கம்மியாகலையேப்பா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவன் லென்ஸைக் கழற்றிவிட்டுச் சொன்னான்: "அது கம்மியாகல மேடம். நான்தான் கொஞ்சம் ஜாஸ்தியாயிட்டேன்."

பக்கத்து சீட்

நோயாளிகளோடு உட்கார்ந்து பேசியவள் ரேவதி. நானும் அவளும் ஒரே பஸ்ஸில்தான் வீடு திரும்புவோம். ஆனால் நோயாளிகளைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதனால் புடவை, வடை, பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ் கிடைக்காத கஷ்டம் என்று பேசித் தீர்த்தோம். சில நாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பாள். நான் கேட்க முடியாது. முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன்.

ஆய்வு முடிந்தது. ரகசியம் காக்கும் விதியும் முடிந்தது. ரேவதிக்கு பெங்களூரில் வேறு வேலை கிடைத்திருந்தது. கடைசி நாள் பஸ்ஸில், "இப்பவாவது சொல்லுடி, அன்னிக்கெல்லாம் எதுக்கு அழுத?" என்று கேட்டேன். பெரிய கோபுரம் கண்ணில் படுகிற வரைக்கும் மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "எல்லாரையும் பேச வெச்சேன்டி. எனக்குத்தான் இப்ப எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

பலன் உண்டு

முடிவைச் சொல்ல, நோயாளிகளின் வீட்டாரை ஒரு கல்யாண மண்டபத்துக்கு அழைத்திருந்தோம். பேச்சு சேர்த்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பலன் இருக்கிறது, ஆனால் இன்னும் ஆராய வேண்டும் என்று பெரிய டாக்டர் மைக்கில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். ஆஸ்பத்திரியில் ரேவதி உட்கார்ந்து பேசிய அறையில் அதற்குள் குளுக்கோஸ் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் ஏழுமலை என்பவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாத்திரை மட்டும் கிடைத்த ஒரு பெண்ணின் தம்பி. அக்காவுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவர். "பலன் இருக்குன்னு சொல்லிட்டாங்களே, அக்காவ எப்ப இட்டாரட்டும்?" என்றார். திட்டம் முடிந்துவிட்டது, பேசுவதற்கு இப்போது யாரும் இல்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். என்னைத் திட்டவில்லை. கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து, "கூப்டாங்களேன்னு வந்துட்டேன்" என்கிற மாதிரி சங்கடமாகச் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தெரியாத வரைக்கும் இது எங்க தலையெழுத்துன்னு இருந்தோம். நீங்க வந்து, அது வெறும் குலுக்கல்னு சொல்லிக் குடுத்துட்டீங்க."

இப்போது சர்க்கரை நோய் ஆய்வு ஒன்றில் இருக்கிறேன். விரலில் ஒரு குத்துக் குத்தினால் மெஷின் உண்மையைச் சொல்லிவிடுகிறது, ஆனாலும் பஞ்சை அழுத்திக்கொண்டு அவர்கள் உடனே எழுந்து போகும்போது, "இன்னும் கொஞ்சம் உட்காருங்களேன்" என்று சொல்லத்தான் வாய் வருகிறது.