சிறப்புப் பிரதி பெறுவோர்

என் எழுத்து மேசையின் இழுப்பறையில், அகராதிக்கு அடியில், ஒரு கடித உறை கிடக்கிறது. ஓரத்தில் நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட பழைய விமானத் தபால் உறை. இப்போது கடைகளில் அதைக் காண்பதே அரிது. ஒட்டிய வாய் ஒட்டியபடியே இருக்கிறது. முன்புறத்தில் கொட்டை எழுத்தில் என் முழுப்பெயர், மூலைகளில் அடுப்புப் புகையின் மஞ்சள். போன வருடம் வீடு மாறியபோது புத்தகப் பெட்டிகளையெல்லாம் லொறியில் ஏற்றிவிட்டு இதை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். இதை எனக்குக் கொடுப்பதற்காக ஒருநாள் ஹட்டன் வரைக்கும் வந்து, கொடுக்காமலே திரும்பிப் போனவர் என் சின்னம்மா. அம்மாவின் தங்கை. டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர்.

பட்டம் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பியபோது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எனக்கு இருந்த மரியாதை நாலு மாதம் தாங்கியது. ஐந்தாவது மாதம், "தம்பி இன்னும் வீட்லதான் இருக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்று சொல்லி வைப்பேன். உண்மையில் நான் கதை எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்தாளனாவது என்று முடிவே கட்டியிருந்தேன். அதை வீட்டில் வாய்விட்டுச் சொன்ன அன்று, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா சாயத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எழுதுறதுக்கு எதுக்குடா பட்டம்? எழுதத்தான் மூணாம் வகுப்புலயே சொல்லிக் குடுத்துட்டாங்களே" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். எங்கள் காம்பரா, அதாவது லயத்தில் ஒரு குடும்பத்துக்கு என்று கொடுத்த அந்த ஒற்றை அறை, ஆறு பேருக்குச் சொந்தம். கொப்பியைத் திறந்தால் யாராவது அதன்மேல் சட்டியை வைத்துவிடுவார்கள்.

சின்னம்மா இருந்தது லயத்தின் கடைசியில், தொங்கல் காம்பராவில். சித்தப்பா எப்போதோ காலமாகிவிட்டார். ஒரே மகள் கொழும்பில் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் இருந்தாள். சின்னம்மா விடியற்காலையில் மலைக்குப் போனால் சாயந்தரம்தான் திரும்புவார், அதுவரை அந்தக் காம்பரா பூட்டிக் கிடக்கும். ஒருநாள் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமலே, "சாவி நெலக்கி மேல இருக்கு. தெறந்து ஒக்காந்து எழுது. பூனைய மட்டும் உள்ள விட்றாத" என்றார். எதை எழுதப்போகிறேன், எழுதி என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை. நானும் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. எங்கள் வழக்கில் சின்னம்மாவுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை, அந்த வழக்கம் எனக்கு வசதியாக இருந்தது.

மகள் விட்டுப்போன தையல் மெசின் ஒன்று ஜன்னலுக்குக் கீழே இருந்தது. அதன் பலகைதான் என் முதல் மேசை. யோசிக்கும்போது கால் தன்னாலே மிதியை மிதிக்கும். கடகடவென்று சத்தம் கேட்டு, "பட்டதாரி சட்ட தைக்கிறாரு" என்று பக்கத்துக் காம்பராவில் சிரிப்பார்கள். அடுப்புப் பக்கத்தில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் மூடி வைத்திருக்கும். முதல் நாள் அதைத் தொடாமல் இருந்ததற்கு, "ஒங்கம்மா சமச்சாத்தான் எறங்குமோ?" என்று ஒரு ஏச்சு. அதன் பிறகு நான் மிச்சம் வைத்ததில்லை.

சாயந்தரம் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, நனைந்த படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்தபடியே உள்ளே வருவார். வந்ததும் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான். "இன்னைக்கி எத்தன கிலோ?"

நான் பக்கத்தை எண்ணிச் சொல்வேன். அன்றைக்குக் குறித்த கிலோ வராவிட்டால் தோட்டத்தில் அரைப்பேர்தான் போடுவார்கள், பாதி நாள் சம்பளம். சின்னம்மாவும் அந்தச் சட்டத்தை என்மேல் போட்டார். ஒரு பக்கம் என்றால், "அரப்பேருதான்." மூன்று பக்கம் என்றால், "ம், பேரு போடலாம்." எழுதியதையெல்லாம் வெட்டிப் போட்ட நாளில் உண்மையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "முத்தல ஒடிச்சிப் போட்டாத்தான் கொழுந்து வரும். அதுக்கும் பேரு உண்டு" என்றார். மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கும் சம்பளம் உண்டு என்ற கணக்கில் சொன்னது. பின்னாளில் என் எழுத்தைப் பற்றி எவ்வளவோ பேர் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். அந்தக் கேள்வியைப் போல என்னை மறுநாள் காலையில் எழுப்பி உட்கார வைத்தது வேறொன்றும் இல்லை.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. நாளிதழ்களின் ஞாயிற்றுப் பக்கத்தில் கதைகள் வந்தன. வானொலியில் இரண்டு வாசித்தார்கள். நுவரெலியாவில் ஒரு நிறுவனத்தில் அறிக்கை எழுதும் வேலையும் கிடைத்தது. பிறகு பத்துக் கதைகளைச் சேர்த்து ஒரு புத்தகம் போட்டேன். ஹட்டனில் வெளியீட்டு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று.

நம் நாட்டில் புத்தக வெளியீடு எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதற்பிரதியை ஊரில் வசதியான முதலாளி ஒருவர் வாங்குவார். பிறகு சிறப்புப் பிரதி பெறுவோரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர் வந்தவர் மேடைக்குப் போய், புத்தகத்தை வாங்கி, பணம் வைத்து ஒட்டிய உறையொன்றை எழுத்தாளன் கையில் கொடுத்து, படத்துக்கு நிற்பார். அச்சுக்கூலி அப்படித்தான் தேறும். இதைச் சின்னம்மாவிடமும் சொன்னேன்.

"பேரு கூப்புடுவாங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சின்னம்மா. பெரட்டுல கூப்புடுற மாதிரித்தான்" என்றேன்.

பெரட்டு என்பது காலையில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். சின்னம்மா சிரித்தார். "அங்க பேரு கூப்புட்டா மலைக்கி அனுப்புவாங்க. இங்க மேடைக்கி" என்றார். பிறகு உறையின் மேல் என்ன எழுதுவார்கள் என்று கேட்டார். கொடுப்பவர் பெயரையும் ஊரையும் எழுதுவார்கள் என்றேன். ஏன் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, விழாவை நடத்திய இலக்கியச் சங்கத்தின் செயலாளரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் நானும் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பட்டியலைத் தயாரித்தோம். கடைக்கார முதலாளிதான் முதற்பிரதி வாங்க இருந்தார். இரும்புக்கடை, நகைக்கடை, பேக்கரி, இரண்டு பாடசாலை அதிபர், ஒரு வைத்தியர் என்று தாள் நிறைந்தது. அடியில் ஒரு வரி மிச்சம். "சொந்தக்காரங்க யாரையாவது போடுவமா?" என்று செயலாளர் கேட்டார். நான் சின்னம்மாவின் பெயரை எழுதினேன். எழுதிவிட்டு, அதே பேனாவால் வெட்டினேன். "வேணாங்க சேர். தோட்டத்து ஆளுங்க, என்வலப் அது இதுன்னு அவங்களுக்குச் செரமம்" என்றேன். நல்ல மனசு என்று அவர் என் தோளில் தட்டினார். நானும் அதை நல்ல மனசு என்றே நம்பினேன், நெடுநாள் நம்பினேன். அந்தப் பட்டியலில் அத்தனை முதலாளிமாருக்குக் கீழே ஒரு கொழுந்துக்காரியின் பெயர் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் எனக்குள் கூசியதை, இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன்.

அன்று மண்டபத்தில் கடைசிக்கு முந்திய வரிசையில் சின்னம்மா இருந்தார். மயில்நீலப் புடவை, மகள் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்தது. மடியில் மடித்த கைக்குட்டை, அதன்மேல் இரண்டு கையும். அறிவிப்பாளர் ஒவ்வொரு பெயரையும் தொழிலதிபர், சமூக சேவகர் என்று அடைமொழி போட்டு நீட்டி வாசித்தார். ஒவ்வொரு தடவை அவர் அடுத்த பெயருக்கு மூச்சு வாங்கும்போதும் சின்னம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததை மேடையிலிருந்து கண்டேன். ஆர்வமாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். பட்டியல் முடிந்ததும், "ஏனையோரும் வந்து பிரதிகளைப் பெற்றுக்கொள்ளலாம்" என்றார்கள். கூட்டம் மேடையை நோக்கி வந்தது. சின்னம்மா எழும்பவில்லை. நான் ஏற்புரையில் என் தோட்டத்து மக்கள் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். பலத்த கைதட்டல். படம் எடுத்து முடித்துப் பார்த்தபோது அந்தக் கதிரை காலியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஒரு பிரதியோடு தொங்கல் காம்பராவுக்குப் போனேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கி, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அடுப்பை ஊதி எனக்குச் சாயத்தண்ணி ஊற்றினார்.

"ஏன் சின்னம்மா சொல்லாமப் போய்ட்டீங்க?"

"பஸ்ஸு போயிரும்ல."

"எல்லாரையும் வரச் சொன்னாங்களே. நீங்களும் மேடைக்கு வந்திருக்கலாமே."

அவர் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை, தெரியாத பிள்ளைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். "பேரு கூப்புடாம எப்புடிப் போறது?"

அதன் பிறகும் சாவி நிலைக்கு மேலேதான் இருந்தது. லீவில் வந்தால் போய் எழுதுவேன். ரொட்டி மூடி வைத்திருக்கும். சாயந்தரம் வந்து படங்கை அவிழ்ப்பார், சுகம் விசாரிப்பார், மழையைப் பற்றிப் பேசுவார். எத்தனை கிலோ என்று மட்டும் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து ஒருநாள் நானே, "இன்னைக்கி நாலு பக்கம் சின்னம்மா" என்றேன். "அப்புடியா, நல்லது" என்றார். முதலாளிமாரிடம் பேசுவது போல மரியாதையாகச் சொன்னார். அன்று மலையிறங்கிப் போகும்போது அந்தப் பதிலையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். என்ன தவறிவிட்டது என்று விளங்கவில்லை.

சின்னம்மா இறந்து மூன்று வருடம். பத்து நாள் காய்ச்சல், நெஞ்சுச் சளி, ஆஸ்பத்திரியில் முடிந்தது. அப்போது கொழும்புக்கு மாறியிருந்த நான் வந்து சேர்ந்தபோது குழிக்கு மண் போட்டுவிட்டிருந்தார்கள். காம்பராவை ஒதுக்கும்போது மெசினின் சின்ன லாச்சியை இழுத்துத் திறந்து இந்த உறையை எடுத்து மகள் என்னிடம் தந்தாள். "அப்ப லீவுல வந்திருந்த நான்தான் எழுதிக் குடுத்தேண்ணே. வாசிக்கிறவங்க தடுமாறக் கூடாது, பெருசா எழுதுன்னு அம்மா பக்கத்துலயே ஒக்காந்துக்கிச்சு" என்றாள். திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் சின்னம்மாவின் பெயர், தகப்பன் பெயரோடு, தோட்டப் பெயரோடு, டயகம என்ற ஊரோடு முழுதாக இருந்தது. அறிவிப்பாளர் வாசிப்பதற்காக எழுதிய பெயர். நான் வெட்டியதும் அதே பெயரைத்தான்.

இன்று என்னையும் வெளியீடுகளுக்குக் கூப்பிடுகிறார்கள். பிரபல எழுத்தாளர் என்று அடைமொழி போட்டுப் பெயரை வாசிக்கிறார்கள். எழும்பி நடக்கும் அந்த நாலு அடியில் என் கண் தன்னாலே பின்வரிசைக்குப் போய்விடும். இந்தக் குறிப்பை எழுதி முடித்துவிட்டு, இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தேன். உள்ளே இருப்பது அவர் எத்தனையோ நாள் மழையில் நின்று எடுத்தது. அதைப் பிரிக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பின்புறம் திருப்பி, அங்கே எழுதியிருந்த பெயரை, தகப்பன் பெயரோடும் தோட்டத்தோடும் ஊரோடும், மேடையில் வாசிப்பது போலச் சத்தமாக வாசித்தேன். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.