ஐந்தருவியில ஆமைக் கடக்கரை

அருவியில நனைஞ்சவனக் கூப்பிட்டு "வாங்க, கடல் பாருங்க"ன்னு சொல்லுத தொழிலு என்னுது. கடை விரிச்சு, தொண்டை கிழியக் கத்தி, கடைசியில ஈ மட்டும் வந்து உக்காந்ததப் பாத்தவுகளே, உங்களுக்குத்தான் இந்தக் கத.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுக்குச் சமீபமா, குத்தாலத்துல ஒரு சாரல் சீசன். கப்பல்ல சமையல்காரரா இருந்த வடகரை காதர் பாய், போன தேசத்துலல்லாம் வாங்கின கலர் படங்களக் கொண்டாந்து குடுத்தாரு. எல்லாம் காவல் போட்ட கடக்கரைங்க. ஆமை முட்டை போடுத கரை, பறவை அடைகாக்குத கரை. ஒரு சிப்பியத் தொட்டாலும் காவல்காரன் பிடிச்சிருவான். படங்கள என் பயாஸ்கோப்புப் பெட்டிக்குள்ள மாட்டி, கண்ணாடி ஓட்டை வழியாக் காட்டினேன். அலை, பறவை, காவல்காரன் விசிலு எல்லாம் என் வாயி. சீசன் கடைகளக் குத்தகைக்கு எடுத்த அண்ணாச்சி மொத நாளே சொல்லிட்டாரு: "ஞாயித்துக்கிழம சாயங்காலத்துக்குள்ள கூட்டம் சேக்கணும்லே. இல்லேன்னா இந்த எடம் சிப்ஸ் கடைக்கு."

கடல்ல மங்கல்

குத்தாலத்துல எண்ணெய் தேய்க்காம எவன் அருவிக்குப் போவான்? நல்லெண்ணெய் வழிய வழிய ஒருத்தரு மூஞ்சியக் கண்ணாடியில அப்பிப் பாத்துட்டுப் போனாரு. அடுத்து வந்தவருக்குப் படத்துல இருந்த ஆஸ்திரேலியாக் கரையே தெரியல. நான் உயிரக் குடுத்து அலை அடிக்கேன், "ஷ்ஷ்ஷோ...". அவரு தலைய ஆட்டிக்கிட்டே நிமிந்தாரு: "அங்கனயும் சாரல்தானாவே? அதுக்கு நான் இங்கனயே நனைஞ்சுக்கிடுதேன்."

கறுப்புக் கோட்டு

சுந்தரபாண்டியபுரத்துலேருந்து அக்காவும் தங்கச்சியும் வந்தாக. பென்குவின் கரையப் போட்டேன். பறக்காத பறவை, கடல விட்டு ஏறி வரிசையா நடக்கும், ஆளு குறுக்க போகாம கயிறு கட்டிருக்கான்னு சொல்லி, நானும் கைய ஒட்டவச்சுத் தத்தித் தத்தி நடந்தேன். அக்கா கண்ண எடுக்கல. "என்னக்கா தெரியுது?"ன்னு தங்கச்சி பின்னாலேருந்து இடிக்கா. அக்கா சொன்னா: "ஏட்டி, தென்காசி கோர்ட்டுக்கு லீவு விட்டாச்சு போல. வக்கீலெல்லாம் குளிக்க வந்துட்டாக!"

விசிலு

ஞாயித்துக்கிழம மத்தியானம் தாண்டிட்டு. சிப்ஸ்காரன் எண்ணெய்ச் சட்டியோட வந்து எதுத்தாப்புல நிக்கான். ஒரே ஒரு பெரியவரு மலாயா ஆமையப் பாக்காரு. படத்துல ஒருத்தன் முட்டைய எடுக்கக் குனியுதான். காவல்காரன் வாயில விசிலு. இதான் கடைசி ஆட்டம்னு மூச்ச இழுத்து ஊதினேன் பாருங்க, "பீ... ப்பீ... ப்பீ!"

ஐந்தருவியில விசிலுன்னா அர்த்தம் ஒண்ணுதான்: தண்ணி கூடுது, வெளிய வா! குளிச்ச சனம் அம்புட்டும் அலறியடிச்சு ஓடியாருது. துண்டு ஒரு பக்கம், சோப்பு ஒரு பக்கம். காவலுக்கு நின்ன போலீஸ்காரரே தன் விசிலத் தடவிப் பாக்காரு. தண்ணியோ சாதுவா விழுது. வெளிய வந்தவன் சும்மா நிப்பானா? 'இங்கன என்ன?'ன்னு பெட்டிக்கு முன்னால வரிச சேந்துட்டு. எனக்கு ஒரே குஷி, ஆமை, அலை, பறவை எல்லாத்தையும் ஒரே மூச்சுல விடுதேன்.

வரிசையப் பிளந்துக்கிட்டு வந்தாரு குத்தகை அண்ணாச்சி. தலை பூரா சீயக்கா, ஒரு கண்ணு மூடியிருக்கு.

"எவம்லே ஊதுனது?"

"ஆமைக் காவல்காரன், அண்ணாச்சி."

தொறந்திருந்த ஒத்தக் கண்ணக் கண்ணாடியில வச்சாரு. நான் மெல்ல ஊதினேன். முட்டைக்குக் குனிஞ்சவனப் பாத்து, "போடுலே கீழ!"ன்னு பெட்டிக்குள்ளயே அதட்டினாரு. நிமிந்து வரிசைய ஒரு தடவ பாத்தாரு. சிப்ஸ்காரனப் பாத்துப் போன்னு கைய ஆட்டினாரு. பொறவு என்கிட்ட: "எடம் உனக்குத்தாம்லே. ஆனா அடுத்த வாட்டி நான் சீயக்காய அலசின பொறவு ஊது."

அந்த சீசன் முடியுத வரைக்கும், மலாயாவுல ஆமை முட்டைக்குக் காவல் வேணும்னா ஐந்தருவியில அண்ணாச்சி குளிச்சு முடிச்சாகணும்.