லேப்டாப்பின் வலது கீல்

என் லேப்டாப்பின் வலது கீல் உடைந்தபோது, கோழி எலும்பைக் கடித்தால் வருமே, அப்படி ஒரு சத்தம்தான் வந்தது. திரையைத் தாங்கும் கீல் பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து மூடி சரியாக உட்காரவில்லை. விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தே நின்றது. மேசையில் வைத்தால் லேசாக ஆடியது. எல்லாம் கீலின் சேட்டை என்று நினைத்துக்கொண்டேன்.

பழுதான பொருளைக் கடைக்குத் தூக்கிப்போகிற ஆள் நான் இல்லை. ஃபேன், மிக்சி, எதுவானாலும் நானே ஸ்குரூ டிரைவரை எடுத்துவிடுவேன். “பொம்பள புள்ள கையில எப்பப் பாரு ஸ்குரூ டிரைவரு” என்று அம்மா முனகுவாள். அதே திமிரோடு இணையத்தில் ஒரு ஜோடி கீல் வாங்கினேன். வந்த இரண்டுமே இடது பக்கத்துக் கீல்கள். மறுபடி வாங்கினேன், பக்கம் சரி, அளவு தப்பு. அதுவரை கறுப்பு டேப்பைச் சுற்றி வேலையை ஓட்டினேன். வீட்டிலிருந்தபடியே கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போடுவது என் பிழைப்பு. லேப்டாப் படுத்தால் நானும் படுக்க வேண்டியதுதான்.

அதற்குள் சரஸ்வதி பூசை வந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் எங்களுடையது சின்ன அடுக்குமாடி வீடு. சாமி மேடை ஹாலில்தான். அதை ஒட்டி அம்மாவின் கட்டில். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவால் தனியாக எழ முடியாது. என் தோளைப் பிடித்தால்தான் எழுந்து நிற்பாள். பூசையன்று, சோறு போடும் பொருளை மேடையில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவோம். மறுநாள் காலைப் பூசை முடியும்வரை அதைத் தொடக்கூடாது.

இந்த விஷயத்தில் அம்மாவிடம் மறுபேச்சு கிடையாது. அதற்குக் காரணம் அப்பா. அவர் லோரி ஓட்டியவர். ஒரு வருஷம், முதலாளி அவசரமாகக் கூப்பிட்டார் என்று மேடையில் இருந்த லோரி சாவியை மறுபூசைக்கு முன்பே எடுத்துக்கொண்டு போனார். சாவி மட்டும் போலீஸ் மூலமாகத் திரும்பி வந்தது. நான் அப்போது இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே அம்மா சொன்னபடியே லேப்டாப்பை மேடையில் வைத்தேன். “சாமி முன்னால வாயப் பொளந்துகிட்டு நிக்குது பாரு. மேல எதையாச்சும் வை” என்றாள். என் பழைய பாடப் புத்தகங்கள், பாட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் அதன் மேல் அடுக்கி, மூடி உட்காரும்வரை அழுத்தினேன். மறுநாள் காலை முதல் வேலையை அதில்தான் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் சார்ஜ் இல்லாமல் போனால் நல்லதல்ல என்று ஒயரையும் செருகச் சொன்னாள். அதையும் செய்தேன். பக்கத்தில் குத்துவிளக்கு நின்று எரிந்தது.

வேலை செய்ய வழியில்லை. சும்மா இருப்பானேன், கீலைத் தேடிப் போகலாம் என்று ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். அங்கே பழைய லேப்டாப்களை உடைத்துப் பாகம் பாகமாக விற்கும் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

போனில் என் லேப்டாப்பின் படத்தைக் காட்டியதும் கடைக்காரர் ஒரு குவியலுக்குள் கையை விட்டு, அச்சு அசலாக என்னுடையதைப் போலவே ஒன்றை உருவினார். அதுவும் வலது பக்கம்தான் உடைந்திருந்தது. அதுவும் வாய் பிளந்து நின்றது.

“என்னண்ணே, இதுவும் ஒடஞ்சதுதானா?”

“இந்த மாடலு எல்லாம் அப்படித்தான்லா அக்கா. ஹிஞ்ச் மேல தப்பு இல்ல. அடியில பாருங்க.”

திருப்பினேன். அடிப்பக்கம் தொப்பை போட்டிருந்தது. அவர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பேட்டரி எண்ணெயில் போட்ட பூரியாக உப்பியிருந்தது.

“பேட்டரி வீங்கி மேல தள்ளுது. ஹிஞ்ச் என்னா செய்யும், ஒடஞ்சிரும். இத மட்டும் அமுக்கிடக் கூடாது. போன மாசம் ஒண்ணு, மேல சாமான் வெச்சிட்டாங்க, கடை வாசல்லயே பத்திக்கிச்சு.”

அவர் காட்டிய இடத்தில் சிமெண்டுத் தரை கறுத்துக் கிடந்தது. மேசையில் அது ஆடியது, மூடி உட்காராதது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அதன் மேல் நான் அடுக்கிய புத்தகங்களும், செருகிய ஒயரும், பக்கத்தில் எரிகிற விளக்கும், ஒரு முழம் தள்ளி எழ முடியாமல் படுத்திருக்கும் அம்மாவும்.

அம்மாவின் போனுக்கு அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. பூசை நாளில் டிவியில் பக்திப் பாட்டை அலற விட்டிருப்பாள். போன் அடித்தால் கேட்காது. பக்கத்து வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே ரயிலில் உட்கார்ந்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. நடுவழியில் காரணம் சொல்லாமல் ரயிலை நிறுத்திப் போட்டார்கள். அன்றைக்கென்று எதிரே இருந்தவர் லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கவே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துச் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி ஓடினேன். தெருமுனையில் பொம்பா, தீயணைப்பு வண்டி ஒன்று சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு என்னைக் கடந்து போனபோது அது திரும்பும் திசையையே பார்த்து நின்றேன். அது எங்கள் தெருவுக்குள் திரும்பாமல் நேராகப் போன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

கதவைத் திறந்தேன். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். விளக்கு எரிந்தது. புத்தக அடுக்கு மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

முதலில் ஒயரைப் பிடுங்கினேன். விளக்கை நகர்த்தினேன்.

“என்ன செய்யறே? தொடாத!”

“வெடிச்சிரும்மா. பேட்டரி வீங்கியிருக்கு.”

“நாளைக்குக் காலையில எடு. இப்ப வேணாம்.” என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. “அவரு சாவிய எடுத்தாரு. இப்ப நீ இத எடுக்கறே. உன்ன விட்டா எனக்கு யாருடி இருக்கா?”

அவளுக்காக நான் கிள்ளானிலிருந்து ஓடிவந்திருக்கிறேன். எனக்காக அவள் என் கையை விட மறுக்கிறாள். கையை உதறினேன். அம்மாவிடம் நான் அப்படி நடந்துகொண்டது அதுவே முதல் தடவை. புத்தகங்களைத் தள்ளிவிட்டு லேப்டாப்பை ஏந்தினேன். அடிப்பக்கம் சுட்டது. வெளி நடையின் கோடிக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. அநியாயமாக அம்மாவை அழவைத்துவிட்டேனோ என்று நினைத்தபோது சீறல் கேட்டது. வெள்ளைப் புகை பீறிட்டது, பின்னாலேயே நெருப்பு. சந்தனப் பொட்டு இருந்த இடம் முதலில் சுருங்கியது. எல்லாம் எரிந்து அடங்கும்வரை எட்டவே நின்றேன்.

உள்ளே வந்தேன். மேடையின் விளிம்பில் அம்மாவின் தலையணை முட்டிக்கொண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“நான் சொன்னேன்ல? நீ தொட்ட, அது எரிஞ்சிருச்சு” என்றாள் அம்மா.

பேட்டரியைப் பற்றி, ஒயரைப் பற்றி, தலையணையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே, அது போதும் என்று தோன்றியது. “ஆமாம்மா, என் தப்புதான்” என்றேன். அவள் திட்டிக்கொண்டே என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

“நாளைக்குப் பூச முடியற வரைக்கும் வாசப்படியத் தாண்டாத.”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நடையைக் கழுவ வேண்டியிருந்தது. ஆனாலும் அன்று நான் வாசலைத் தாண்டவில்லை.